பிள்ளைக்குக் கழுத்து சாஞ்சா உடனே உருட்டாதீங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். மிச்சம் இருக்கிற நேரத்தில் பிள்ளைகள் விஷயம் ஒன்று பேசலாம் என்று வந்திருக்கிறோம். மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை பக்கம் போனாலும் சரி, கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போனாலும் சரி, குழுக் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு தாய் கையைப் பிடித்துக் கேட்கிற கேள்வி இது. "ராத்திரி நல்லாத்தான் தூங்குச்சு. காலையில எந்திரிச்சுப் பார்த்தா கழுத்து ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. திருப்பினா வீல்னு கத்துது. உரம் விழுந்திருக்குன்னு அத்தை சொல்றாங்க. உருட்டலாமா?"

உரம் விழுதல் என்ற சொல் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கைக்குழந்தையைத் தூக்கும்போது தலை தொங்கிவிட்டது, தூளியில் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது, அதனால் கழுத்திலோ முதுகிலோ பிடித்துக்கொண்டது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது, தூக்கினால் அழுகிறது. இதைத்தான் உரம் என்கிறோம். நூல் புடவையில் பிள்ளையைப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி எடுப்பார்கள். சில ஊரில் முறத்தில் போட்டு உருட்டுவார்கள். சுளுக்கு என்றால் காலால் பிறந்தவரைத் தேடிப் போகிற வழக்கமும் உண்டு.

நாங்கள் இதைக் கேலி பேச வரவில்லை. உருட்டுகிற பாட்டிமார் காசுக்காகச் செய்வதில்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் அவர்கள்தான் நமக்குத் துணை. உருட்டிய பிறகு பல பிள்ளைகளுக்குச் சரியாகியும் இருக்கிறது. ஆனால் ஏன் சரியாச்சு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சாதாரணத் தசைப் பிடிப்பாக இருந்தால் உருட்டினாலும் சரி, உருட்டாவிட்டாலும் சரி, இரண்டு மூன்று நாளில் தானாகவே விட்டுவிடும். இன்னொன்றும் இருக்கிறது. சில கைக்குழந்தைகளுக்குத் திடீரென்று தலை ஒரு பக்கம் சாயும். சில மணி நேரமோ சில நாளோ இருந்துவிட்டுப் போய்விடும். சில வாரம் கழித்து மறுபடி வரும், சில சமயம் மறு பக்கமாக வரும். அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஒற்றைத் தலைவலி இருக்கிற குடும்பங்களில் இது வருவதுண்டு. வளர வளர, பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் நின்றுவிடும். தானே வந்து தானே போகிற இந்த மாதிரி நோயில், நடுவில் யார் என்ன செய்தாலும் அவர்களுக்குத்தான் பேர் கிடைக்கும். உருட்டுவதன் மேல் இருக்கிற நம்பிக்கை பாதி இங்கேதான் பிறந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் உருட்டினால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. கழுத்து சாய்வது ஒரு நோய் கிடையாது, உள்ளே இருக்கிற வேறு ஏதோ ஒன்றுக்கு அடையாளம். உள்ளே இருப்பது எது என்று தெரியாமல் உருட்டுவதும், எண்ணெய் போட்டுத் திருகுவதும், இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருப்பதும்தான் ஆபத்து. அதனால் கழுத்தை மட்டும் பார்க்காதீங்க. கழுத்தோடு கூட வேற என்ன வந்திருக்குன்னு பாருங்க.

முதலில் காய்ச்சல்.

காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்தால், அது மூளையைச் சுற்றி இருக்கிற சவ்வில் சீழ் பிடிக்கிற மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இதில் தலை பக்கவாட்டில் சாய்வதை விட, முன்னால் குனிய முடியாமல் கழுத்து கட்டை மாதிரி நிற்பதுதான் அதிகம். சில பிள்ளைக்குத் தலை பின்னால் வில் மாதிரி வளையும். பேசத் தெரிந்த பிள்ளை என்றால் "உன் தொப்புளைப் பாரு கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். தாடை நெஞ்சைத் தொடவில்லை, குனியச் சொன்னால் அழுகிறது, வாந்தி எடுக்கிறது, வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறது என்றால் அதற்கு மேல் வீட்டில் ஒரு சோதனையும் வேண்டாம். தலையைப் பிடித்து அழுத்திப் பார்க்கவே கூடாது.

ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு இந்தச் சோதனை பயன்படாது. மூளைக்காய்ச்சல் இருந்தும் கழுத்து துவண்டு கிடக்கும், விறைப்பே தெரியாது. அங்கே உச்சிக்குழியைப் பாருங்கள். அழாமல் நிமிர்ந்து இருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருக்கிறதா? பால் குடிக்க மறுக்கிறதா? எழுப்பினாலும் கண் சொருகுகிறதா? அழுகை வழக்கம் போல இல்லாமல் கீச்சென்று இருக்கிறதா? வலிப்பு வந்ததா? இதில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். மூளைக்காய்ச்சலில் மணிக்கணக்குதான். ஊசி மருந்து சீக்கிரம் ஏறினால் பிள்ளை பிழைக்கும். தாமதமானால் உயிர் பிழைத்தும் காது கேட்காமல், வலிப்போடு, நடக்க முடியாமல் போகிற பிள்ளைகள் உண்டு.

மெதுவாக வருகிற மூளைக்காய்ச்சலும் இருக்கிறது. அது காசநோய்க் கிருமியால் வருவது. ஒன்றிரண்டு வாரமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வரும், பிள்ளை இளைக்கும், விளையாடாது, தூங்கிக்கொண்டே இருக்கும், பிறகு வாந்தியும் கழுத்து விறைப்பும் வரும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கௌரவம் பார்க்கிற நேரம் இல்லை.

இங்கே தடுப்பூசி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி. ஊசி காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு நல்ல பாதுகாப்பு. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் அரசு கொடுக்க ஆரம்பித்த ஐந்து நோய்த் தடுப்பூசியில், மூளைக்காய்ச்சல் உண்டாக்குகிற ஹிப் என்ற கிருமிக்கும் மருந்து இருக்கிறது. நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி நம் மாநிலத்தில் 2021-ல் சேர்ந்தது. ஐந்து நோயில் தொண்டை அடைப்பானும் ரண ஜன்னியும் உண்டு. ரண ஜன்னியிலும் கழுத்து விறைக்கும், தாடை பூட்டிக்கொள்ளும். தொப்புள் கொடி வெட்டிய இடத்தில் சாணியும் சாம்பலும் வைத்த காலத்தில் பச்சைக் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போன நோய் அது. கர்ப்பிணிக்கு ஊசி, ஆஸ்பத்திரிப் பிரசவம் இரண்டாலும் அந்த நிலை மாறி, 2015-ல் இந்தியாவில் பச்சிளங்குழந்தை ரண ஜன்னி ஒழிப்பு நிலைக்கு வந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. தோட்ட வேலைக்கு ஊர் விட்டு ஊர் போகிற குடும்பங்களில்தான் 6, 10, 14-வது வார ஊசிகள் விட்டுப்போகின்றன. அட்டையைக் கையோடு எடுத்துப் போனால் போகிற ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது தொண்டை. நம் மலைக் குளிரில் இதுதான் அதிகம் என்று நினைக்கிறோம். 7,000 அடி உயரத்தில் பனியும் சாரலும் சேர்ந்தால் பிள்ளைகளுக்குச் சளி, டான்சில், காது வலி ஓயாது. தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டும். நெறி கட்டிய பக்கம் தசை இறுகித் தலை சாயும். "பனி பட்டு கழுத்து புடிச்சுக்கிச்சு" என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். வாயைத் திறந்து பார்த்து மருந்து கொடுத்தால் சரியாகிவிடும்.

ஆனால் இதிலேயே இரண்டு மோசமான வகை உண்டு. ஒன்று, தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டுவது. ஐந்து வயதுக்குள் அதிகம் வரும். காய்ச்சலோடு கழுத்தை ஒரு பக்கமாகவோ பின்பக்கமாகவோ பிடித்துக்கொண்டு அசைக்க மாட்டான். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் ஒழுகும். குரல், வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி மாறிவிடும். மூச்சு விடும்போது சத்தம் வரும். அந்தப் பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது, வாயில் விரலை விட்டுப் பார்க்கக் கூடாது, கஷாயம் புகட்டக் கூடாது. உட்கார்ந்தபடியே மடியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நம் முதுகெலும்புத் தண்டில் மேலே முதல் எலும்பு மோதிரம் மாதிரி, இரண்டாவது எலும்பு அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஆணி மாதிரி. தலையை இப்படி அப்படித் திருப்பும்போது மோதிரம் ஆணியைச் சுற்றித் திரும்புகிறது. இரண்டையும் கட்டி வைத்திருப்பது தசைநார். பிள்ளைகளுக்குத் தலை பெரிது, கழுத்து மெலிது, அந்த நாரும் இளசு. தொண்டைப் புண், காதுச் சீழ் வந்த பிறகு, சில சமயம் டான்சில் ஆபரேஷன் ஆன பிறகு, அந்த நார் தளர்ந்து முதல் எலும்பு இடம் திரும்பி நின்றுவிடும். 1930-ல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு டாக்டர் பெயரால் கிரிசெல் நோய் என்கிறார்கள். அடிக்கடி வருவதில்லை, ஆனால் வந்தால் வெளியே பார்க்க அச்சு அசலாக உரம் விழுந்த மாதிரியே இருக்கும். சளியும் காய்ச்சலும் விட்டுப்போன பிறகு வரும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்தப் பிள்ளையைப் புடவையில் போட்டு உருட்டினாலோ, தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பினாலோ, தண்டுவடமே நசுங்கி கை கால் விழுந்துவிடலாம். முதல் வாரத்துக்குள் போனால் பெரும்பாலும் கழுத்துப் பட்டையும் மருந்துமாகச் சரி செய்துவிடுவார்கள். வாரக்கணக்கில் விட்டால் எடை கட்டி இழுப்பது, ஆபரேஷன் என்று போய்விடும். நாங்கள் உருட்டாதீங்க, திருப்பாதீங்க என்று தொண்டை வறளச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மூன்றாவது, மருந்து. இதைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வத்தலக்குண்டுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து இறங்குகிற பாதையில் வாந்தி எடுக்காத பிள்ளை எத்தனை? பஸ் ஏறும் முன் மெடிக்கலில் "வாந்தி மாத்திரை குடுங்க" என்று வாங்கி, பெரியவர் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிறோம். வயிற்றுப்போக்கு, வாந்தி என்றாலும் அப்படித்தான். மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மருந்து சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. சில மணி நேரத்திலோ, ஒன்றிரண்டு நாளிலோ கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், கண் மேலே சொருகி நிற்கும், நாக்கு வெளியே தள்ளும், தாடை கோணும். ஆனால் பிள்ளைக்கு நினைவு இருக்கும், கூப்பிட்டால் தெரியும். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். முனி அடிச்சிருச்சு, பேய் புடிச்சிருச்சு என்று வேப்பிலை எடுத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் இதற்கு மாற்று ஊசி உண்டு. போட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்து நேராகிவிடும். டாக்டர் கண்டுபிடிக்க வேண்டுமானால் நீங்கள் கொடுத்த மாத்திரை அட்டையை, பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். டாக்டர் எழுதித் தராத வாந்தி மருந்தைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்காதீங்க. பஸ்ஸில் முன்பக்கம் உட்கார வைத்து, வயிறு முட்ட ஊட்டாமல் கூட்டிப் போனாலே வாந்தி பாதி குறையும்.

நான்காவது, அடி. மரத்தில் ஏறி விழுந்தது, மேட்டில் இருந்து உருண்டது, கேரட் மூட்டை மேலே உட்கார்ந்து வந்து வண்டியில் இருந்து விழுந்தது. விழுந்த பிறகு கழுத்து சாய்ந்தாலோ வலித்தாலோ எலும்பு நகர்ந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உட்கார வைக்காமல், தலைக்கு இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அண்டக் கொடுத்து, பலகையில் படுத்தபடி தூக்க வேண்டும். டூ வீலரில் இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு போவதை நம் ஊர்களில் தினமும் பார்க்கிறோம். அது வேண்டாம். வெள்ளகவி மாதிரி ரோடு இல்லாமல் கிடந்த ஊர்களில் டோலி கட்டித் தூக்கி வந்தார்களே, கழுத்து அடிபட்ட பிள்ளைக்கு அந்த டோலியைவிட ஒரு பலகை நல்லது.

திடீரென்று இல்லாமல் மெல்ல மெல்ல வருகிற சாய்வும் உண்டு. பிறந்து சில வாரத்தில் கழுத்துத் தசையில் நெல்லிக்காய் மாதிரி கட்டி தட்டுப்பட்டு, தலை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அது தசை சுருங்கியதால் வருவது. வலி இருக்காது. உருட்டினாலும் போகாது. பிசியோதெரபி சொல்லித் தருவார்கள், அம்மாவே வீட்டில் தினமும் செய்யலாம். ஒரு வயதுக்குள் ஆரம்பித்தால் ஆபரேஷன் இல்லாமல் பெரும்பாலும் சரியாகும். நடக்கிற பிள்ளை எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்தே பார்த்தால் கண்ணைச் சோதிக்க வேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்காமல் உருவம் இரண்டாகத் தெரிவதைத் தவிர்க்கத் தலையைச் சாய்க்கும். அதற்கு மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் தலை சாய்வதோடு காலையில் தலைவலி, வெறும் வயிற்றில் வாந்தி, நடையில் தள்ளாட்டம் இருந்தால் கண் டாக்டரிடம் போய் நாள் போக்க வேண்டாம். மூளையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும். 2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. அவர்கள் வருகிற நாளில் பிள்ளையை வேலைக்காட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீங்க.

காய்ச்சல் இல்லை, அடி இல்லை, மருந்து இல்லை, நன்றாக விழுங்குகிறான், விளையாட வேண்டும் என்கிறான், கழுத்து மட்டும்தான் வலி என்றால் என்ன செய்யலாம்? வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுங்கள், கை பொறுக்கிற சூடுதான். எடைக்குத் தகுந்த பாரசிட்டமால் கொடுக்கலாம், அளவை செவிலியரிடம் கேளுங்கள். தலையை அவனே திருப்பட்டும், நாம் திருப்ப வேண்டாம். இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். கைக்குழந்தைக்கு இந்த இரண்டு மூன்று நாள் கணக்கும் கிடையாது, அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

இப்போது சங்கத்து விஷயத்துக்கு வருகிறோம். மேல்மலையில் பூண்டு எடுக்கிற சமயம், கீழ்மலையில் காபிப் பழம் பறிக்கிற சமயம், தாய் காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறாள். பிள்ளை பாட்டியிடம். சாயங்காலம் வந்து பார்த்தால் கடைசி பஸ் போய்விட்டது, கையில் காசு இல்லை, வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை. அப்போது உருட்டிப் பார்ப்பதுதான் மலிவான வழியாகத் தெரிகிறது. அறியாமை என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. காசும் வண்டியும் முடிவு எடுக்கிற உரிமையும் அந்தத் தாயிடம் இல்லை, அதுதான் பிரச்சனை.

2008 செப்டம்பரில் இருந்து 108 வண்டி இலவசமாக ஓடுகிறது. சிக்னல் இல்லாத ஊர்களில் எந்த இடத்தில் நின்றால் போன் போகும் என்று பாட்டிகளுக்கும் காட்டி வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம், கொடைக்கானல் அரசு மருத்துவமனை, அதற்கு மேல் ஸ்கேன், பெரிய டாக்டர் தேவை என்றால் திண்டுக்கல் மருத்துவக் கல்லூரி, தேனி, மதுரை. இது மலை இறங்குகிற பயணம், கையில் ஆயிரம் இரண்டாயிரம் இல்லாமல் முடியாது. அதனால் ஒவ்வொரு சங்கமும் தீர்மான நோட்டில் இப்போதே ஒன்று எழுதுங்கள்: பிள்ளைக்கு ஆபத்து என்றால் கூட்டம் கூட்டாமலே ஊக்குநரும் ஒரு பிரதிநிதியும் சேர்ந்து அவசரக் கடன் கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் கணக்கு வைத்தால் போதும். எவ்வளவு என்பதை உங்கள் சேமிப்பைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள். வட்டி வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதில் சண்டை வரும் என்று தெரியும், வரட்டும், பேசித் தீர்ப்போம்.

கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "ஏற்கனவே உருட்டிட்டோம்னா டாக்டர் திட்டுவாங்கல்ல, சொல்லாம விட்டுடலாமா?" திட்டுகிற இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. எல்லோர் முன்னாலும் "நாட்டு வைத்தியம் பண்ணிட்டு இப்ப எதுக்கு வந்தே" என்று கேட்டு ஒரு தாயை அழ வைத்ததை நாங்களே பார்த்திருக்கிறோம். அப்படிக் கேட்பது தப்பு. ஆனாலும் சொல்லுங்கள். எப்போது உருட்டினோம், அதற்கு முன் கை கால் எப்படி ஆடியது, பின் எப்படி ஆடுகிறது என்று சொன்னால்தான் எதைப் படம் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொருவர் தலையணை பற்றிக் கேட்டார். ஒரு வயதுக்குள் தலையணையே வேண்டாம். தூளியில் போட்டால் தலை மடங்கி நெஞ்சில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழுத்து நிற்கிற வரைக்கும் தூக்கும்போது தலைக்குக் கீழே கை இருக்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு கிராம சுகாதார செவிலியர் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் ஊரில் உரம் எடுக்கிற பாட்டி யார் இருந்தாலும் கையோடு அழைத்து வாருங்கள், பஸ் செலவைக் கூட்டமைப்பு கொடுக்கும். பிள்ளைக்குக் கழுத்து சாஞ்சா ஊர் முதலில் போய் நிற்பது அவர்கள் வாசலில்தான். உச்சிக்குழி பார்ப்பதையும் தொப்புள் பார்க்கச் சொல்வதையும் அவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.